மசினகுடி, சின்னார், சத்தியமங்கலம்: பறவை பார்க்க எந்த வறள்காட்டுக்குப் போகலாம்?

மார்கழி, தை மாதங்களில் நான்கு நாள் விடுப்பு கிடைத்தால் எந்தக் காட்டுக்குப் போவது என்று நண்பர்கள் கேட்கும்போது நான் பெரும்பாலும் சொல்லும் பெயர் சின்னார். கேட்டவர் எதிர்பார்த்திருந்த பெயர் மசினகுடி. புலி, யானை, ஜீப், வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை எல்லாம் சேர்ந்து மனத்தில் ஊறிப்போன ஊர் அது. சத்தியமங்கலத்தைப் பற்றி வேறு சிலர் விசாரிப்பார்கள். மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கும் வறள்காடுகள். மூன்றிலும் யானை உண்டு, காட்டெருமை உண்டு, சிறுத்தை உண்டு. பறவைகளின் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தாலும் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். எதை வைத்துத்தான் முடிவு செய்வது? அந்தக் காட்டுக்குள் நமக்கு நடக்க அனுமதி இருக்கிறதா, வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள் என்பேன்.

ஏன் என்று புரிய, வறள்காடு எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்த காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. மசினகுடியை உள்ளடக்கிய முதுமலைக் காட்டின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்கு 1,800 மி.மீ. வரை பெய்யும் மழை, கிழக்கே போகப் போக 600 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. சின்னாரில் அதைவிடவும் குறைவு. இந்தக் கிழக்குச் சரிவுகள் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்பவை. அந்த மழை முடிந்த கையோடு போனால் புல் ஆளுயரம் நிற்கும், மரங்கள் தழைத்திருக்கும், எங்கு பார்த்தாலும் தண்ணீர் இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் பறவை எதுவும் கண்ணில் சிக்காது. டிசம்பர் பாதியிலிருந்து இலைகள் பழுத்து உதிரத் தொடங்கும். பிப்ரவரியில் உசில், வெள்வேலம், கிளுவை, தேக்கு எல்லாம் மொட்டையாகி, காட்டின் எலும்பு தெரியும். வடக்கே இமயமலையிலிருந்து வந்திருக்கும் ஆறுமணிக்குருவியும் ஈப்பிடிப்பான்களும் கதிர்க்குருவிகளும் அப்போது இங்கேயே இருக்கும். ஆகவே டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை உள்ள இரண்டு மாதமே சரியான பருவம். பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரம் மூன்று ஊர்ச் சாலைகளிலும் கார்கள் வரிசை கட்டி நிற்கும்.

இத்தகைய காட்டில் பறவைகளைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் பிடிக்கும். காய்ந்த சருகைக் காலால் கிளறும் சத்தம் கேட்டால் அங்கே சாம்பல் காட்டுக்கோழி இருக்கிறது. பட்டையில் மெல்லத் தட்டும் ஓசை வந்தால் மரங்கொத்தி. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை மின்சிட்டு, பட்டாணிக்குருவி, மாம்பழச்சிட்டு, கரிச்சான், மரங்கொத்தி என்று பலவும் ஒன்றாகக் கூடி மரத்துக்கு மரம் பூச்சி தேடிக்கொண்டே நகரும். அரைமணி நேரம் ஒரு பறவைகூட இல்லாத காட்டில் திடீரென்று தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு வகை வந்து நிற்கும், ஐந்து நிமிடத்தில் கடந்து போய்விடும். அந்தக் கூட்டத்தோடு ஒட்டி நடக்க முடிந்தால்தான் உண்டு. டீசல் எஞ்சின் உறுமும் வண்டிக்குள் இருப்பவருக்கு அதன் முதல் ஒலியே கேட்காது.

முதலில் மசினகுடி. முதுமலை 1940-லேயே சரணாலயமானது, 2007-இல் புலிகள் காப்பகமானது. மோயாறு அதன் வடக்கு எல்லை, அக்கரையில் கர்நாடகத்தின் பண்டிப்பூர். பெரிய விலங்குகளைப் பார்ப்பதே முதல் ஆசை என்றால் இதற்கு இணை வேறில்லை. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் போகும் சுற்றில் புள்ளிமான் கூட்டமும் யானையும் காட்டெருமையும் கிட்டத்தட்ட நிச்சயம். செந்நாய்க் கூட்டம் கிடைக்க வாய்ப்பு உண்டு. கரடியும் புலியும் அவரவர் அதிர்ஷ்டம். ஆனால் காப்பகத்துக்குள் சுற்றுலா வருபவர்கள் எங்கும் இறங்கக் கூடாது, நடக்கக் கூடாது. அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். உண்ணிச்செடி இடுப்புயரத்துக்கு மண்டிக் கிடக்கும் அந்தக் காட்டில், பத்தடி தள்ளி நிற்கும் யானைகூடக் கண்ணுக்குத் தெரியாது. தென்அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்த உண்ணிச்செடி புல்லையும் இளங்கன்றுகளையும் அமுக்கிவிட்டு முதுமலையின் பெரும்பரப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது மேய்ச்சல் விலங்குகளின் உணவைக் குறைக்கிறது, நம் பார்வையையும் மறைக்கிறது.

பறவைக்காகப் போகிறவருக்கு மசினகுடியில் மிஞ்சுவது ஊரைச் சுற்றியுள்ள பொதுச்சாலைகள். சிங்காரா சாலை, மோயாறு சாலை, பொக்காபுரம், வாழைத்தோட்டம் ஆகிய பக்கங்களில் விடிந்ததும் உள்ளூர் ஓட்டுநர் ஒருவரோடு மெதுவாகப் போனால் பனங்காடை, கொண்டலாத்தி, பஞ்சுருட்டான், மாங்குயில், நாலைந்து வகை மரங்கொத்தி எல்லாம் கிடைக்கும். முட்காட்டில் மட்டும் தென்படும் வெண்வயிற்று மின்சிட்டைத் தேடி நாடெங்குமிருந்து ஆட்கள் இங்கே வருகிறார்கள். ஓட்டுநர் தேர்வு முக்கியம். பறவை பார்க்க வந்திருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கச் சம்மதிப்பவரைப் பிடியுங்கள். இரவில் காட்டுக்குள் அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம், விளக்கொளியில் விலங்குகள் படும் பாடு கொடுமை.

தங்குமிடம் எடுக்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தில் கட்டப்பட்டிருந்த விடுதிகளை மூடி முத்திரையிட உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது, வழித்தடத்தை உறுதிசெய்து 2020-இல் தீர்ப்பளித்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் குறுகலான வழி அது. இணையத்தில் படம் அழகாக இருக்கிறது என்று முன்பணம் கட்டுவதற்கு முன், விடுதி முறையான அனுமதியோடு நடக்கிறதா என்று கேட்டறிவது நம் கடமை.

இத்தனை குறை சொன்ன பிறகும் மசினகுடிக்கு ஒருமுறையாவது போகத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பாறு கழுகுகள். ஒரு காலத்தில் ஊர்தோறும் மாட்டுச் சடலங்களின் மேல் குவிந்து நின்ற வெண்முதுகுப் பாறு, 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துபோனது. மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியே காரணம். மருந்து ஊறிய சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து, சில நாட்களிலேயே அவை செத்து விழுந்தன. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. அதே கேட்டைச் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் ஆகியவற்றுக்கு 2023-இல்தான் தடை வந்தது. தென்னிந்தியாவில் இந்தப் பேரழிவில் தப்பிய பாறுகளில் பெரும்பகுதி மோயாற்றுப் பள்ளத்தாக்கையும் அதை ஒட்டிய காடுகளையும் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. ஆற்றோரத்து உயர்ந்த நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டி, ஆண்டுக்கு ஒரேயொரு முட்டை இடுகிறது. கருங்கழுத்துப் பாறு செங்குத்தான பாறைத் தட்டுகளில் கூடு வைக்கிறது. செந்தலைப் பாறும் இங்கே உண்டு.

இவற்றைப் பார்க்கக் கூடு இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. குளிர்காலம்தான் அவை அடைகாக்கும் பருவம். சிறுபறவைகள் அடங்கும் ஒன்பதரை, பத்து மணிக்கு வெயில் ஏறி, பள்ளத்தாக்கிலிருந்து வெப்பக்காற்று மேலெழும். அப்போது சாலையோரத்தில் திறந்த வெளி ஒன்றில் நின்று வானத்தைப் பாருங்கள். கரிய உடலும் இறக்கையின் அடிப்பக்க முன்விளிம்பில் அகன்ற வெண்மையும் தெரிந்தால் வெண்முதுகுப் பாறு. உடலும் இறக்கையின் அடிப்பக்கமும் வெளிறிய மண்ணிறமாக இருந்து, கழுத்து மட்டும் கறுத்திருந்தால் கருங்கழுத்துப் பாறு. தலை சிவந்து, வயிற்றை ஒட்டி இரண்டு வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் செந்தலைப் பாறு. இறக்கையை ஒருமுறைகூட அசைக்காமல் அவை வட்டமிட்டு உயர்வதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் துக்கமும் ஒருசேர வரும். நம் தாத்தாக்களுக்கு இது அன்றாடக் காட்சி.

சின்னார் இதற்கு நேர்மாறான இடம். உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர், மூணாறு போகும் சாலையில், அமராவதி அணையைத் தாண்டித் தமிழக எல்லை முடிந்ததும் வரும் கேரளச் சரணாலயம். 1984-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 90 சதுர கிலோமீட்டர்தான். முதுமலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் முள்ளும் கள்ளியும் நிறைந்த கீழ்ச்சரிவிலிருந்து மேலே சோலையும் புல்வெளியும் வரை எல்லாம் இந்தச் சிறு பரப்புக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனைமலை, இரவிகுளம் காடுகளோடு தொடர்ந்து கிடப்பதால் விலங்குகளுக்கும் பஞ்சமில்லை.

இங்கே வண்டிச் சுற்றுலா கிடையாது. முதுவர், மலைப்புலையர் குடிகளைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் துணையோடு நடந்துதான் போக வேண்டும். அதுவே இந்த இடத்தின் பெரும்பேறு என்பேன். உச்சியில் வெயில் சுடும்போது பாம்பாற்றங்கரைக்கு இறங்கினால், இருபதடி தள்ளியிருக்கும் முட்காட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு காடு எதிர்ப்படும். நீர்மருதும் மாவும் நாவலும் கிளைபின்னி நிழல் போர்த்திய ஆற்றோரக் காடு அது. அதன் உச்சிக் கிளைகளில் நரை அணில் தாவும். உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கும் அணில், வீட்டுப் பூனை அளவு பெரியது. கிளையோடு கிளை தொடும் மரங்கள் அதற்கு வேண்டும், தரையில் இறங்க அஞ்சும். ஆகவே இந்த ஆற்றோரத் தோப்புகளே அதன் உலகம். அதே நிழலில் அரசவால் ஈப்பிடிப்பான் வெள்ளை வாலை வீசிப் பறக்கும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசிலடித்து ஆறுமணிக்குருவி தன் இருப்பைச் சொல்லும். ஆற்றுப் பாறையில் முதலை வெயில் காயும்.

கரையேறி மீண்டும் பாறைச் சரிவுக்கு வந்தால் மஞ்சள்தொண்டைச் சின்னான். பறவை ஆர்வலர்கள் பலர் சின்னாருக்கு வருவதே இதற்காகத்தான். தென்னிந்தியத் தீபகற்பத்தின் கற்குன்றுகளில் மட்டும், அதுவும் அங்கங்கே சிதறி வாழும் பறவை. கூச்சம் மிகுந்தது. குரலைக் கேட்டு, அசையாமல் நின்று, அது புதரின் மேல் கிளைக்கு வரும்வரை பொறுத்திருந்தால் காணலாம். வண்டியிலிருந்து பார்ப்பது அரிது. நட்சத்திர ஆமையும் இந்தச் சரிவுகளில் உண்டு. மழை பெய்து ஓய்ந்த மாலையில் புல்லிடையே மெல்ல ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். தொடாமல், தூக்காமல் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். இதைக் கடத்தி விற்கும் கூட்டம் பெரிது.

வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யானை நேற்று இரவு எந்த ஓடையைக் கடந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, எந்தக் கடமானின் குரல் சிறுத்தைக்கான எச்சரிக்கை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பறவைப் பெயர்களில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கும். படப்புத்தகத்தைக் காட்டி, எந்தப் பறவை வேண்டும் என்று முந்தின மாலையே சொல்லிவிட்டால் மறுநாள் அதன் இடத்துக்கே கூட்டிப் போவார்கள். பேச மொழித்தடை இல்லை. மறையூர்ப் பக்கம் தமிழ் எல்லோருக்கும் புழங்கும் மொழி. அவர் திரும்பலாம் என்று சொன்னால் அந்த நொடியே திரும்ப வேண்டும். யானையுள்ள காட்டில் நடக்கிறோம் என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

சின்னாரின் குறைகளும் உண்மையானவை. யானைக்கூட்டம் பாதைக்கு அருகே நின்றால் அன்றைய நடை ரத்தாகும், மறுபேச்சு கிடையாது. புலியை எதிர்பார்த்துப் போக இது இடமில்லை, பாறுகளுக்கும் இதை நம்பக் கூடாது. சரணாலயத்தை ஊடறுத்துப் போகும் மூணாறு சாலையில் வார இறுதியில் வாகன இரைச்சல் தாங்காது. காட்டுக்குள் வனத்துறை நடத்தும் மரவீடு, கோபுர அறைகள் எண்ணிக்கையில் குறைவு, முன்பதிவு இல்லாமல் கிடைப்பது கடினம். மறையூரில் தங்கி விடியலில் இறங்கி வருவதே பலருக்கு வழி. அங்கே தங்கினால் பகல் பொழுதில் சந்தனக்காட்டையும், பாறை மேல் நிற்கும் முனியறைகள் என்ற பெருங்கற்காலக் கல்லறைகளையும், கரும்புச்சாறு காய்ச்சும் வெல்லப் பட்டறைகளையும் பார்க்கலாம். பறவை பார்க்காத துணையோ பிள்ளைகளோ உடன் வந்தால் இது பெரிய ஆறுதல்.

சத்தியமங்கலத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு, 2013-இல் புலிகள் காப்பகமானது. புலிகளின் எண்ணிக்கையைப் பெருக்கியதற்காக 2022-இல் உலக அளவிலான விருதும் கிடைத்தது. வீரப்பன் நடமாடிய ஆண்டுகளில் யாரும் எட்டிப்பார்க்காத காடு என்பதால், சுற்றுலா இங்கே வேரூன்றவில்லை. காட்டுக்கு அது நல்லது. ஆனால் முதல்முறை போகிறவருக்குச் செய்ய அதிகம் இருக்காது. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித் திம்பம் வழியாக ஆசனூருக்குப் போகும் சாலையில் லாரிகள் ஓயாது. விலங்குகள் அடிபடுவதைத் தடுக்க இரவுப் போக்குவரத்துக்கு 2022 முதல் கட்டுப்பாடு வந்திருக்கிறது. ஆகவே பயண நேரத்தைப் பகலுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மட்டும் எளிதாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, பவானிசாகர்ப் பக்கத்துத் திறந்த புதர்வெளியில் மேயும் வெளிமான். முறுக்கிய கொம்புடன் கறுத்த ஆண்மான் நிற்கும் அழகுக்காகவே போகலாம். மற்றொன்று, அணையின் நீர்ப்பரப்பு. கூழைக்கடா, சங்குவளை நாரை, ஆற்று ஆலா எல்லாம் குளிர்காலத்தில் கூடும். மோயாற்றின் அக்கரையில் இருக்கும் தெங்குமரஹாடா பற்றிப் படித்துவிட்டு அங்கே போக ஆசைப்படுபவர்கள் ஏராளம். வனத்துறை அனுமதி இல்லாமல் கிளம்ப வேண்டாம். அந்த மக்களின் வாழ்வே இடமாற்றப் பேச்சில் ஊசலாடும்போது வேடிக்கை பார்க்கப் போவது முறையும் இல்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று வறள்காடுகளைப் பார்த்து, குரல் கேட்டே பறவையை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் ஆசனூர்ப் பக்கம் தங்கி நிதானமாகப் பார்க்க ஏற்ற இடம் சத்தியமங்கலம்.

கர்நாடகத்தின் கபினி, பண்டிப்பூர் காடுகள் பற்றியும் கேட்பார்கள். புலிப்படம் எடுக்கப் பெரிய லென்ஸும் பெரிய பணமும் இருப்பவர்கள் போகலாம். பறவைக்காக அவ்வளவு செலவு தேவையில்லை.

இனி யார் எங்கே போவது. பறவையே நோக்கம், காலில் தெம்பு இருக்கிறது, நான்கு நாள்தான் கிடைக்கும் என்றால் சின்னார். மூன்று காலை நடைகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆற்றோரம், ஒன்று பாறைச்சரிவு, ஒன்று யானையால் ரத்தானால் ஈடுகட்ட. வயதான பெற்றோரும் சிறு பிள்ளைகளும் உடன் வந்தால் மசினகுடி. அவர்களால் நடக்க முடியாது, யானையைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருக்கும். உங்களுக்குப் பாறு கிடைக்கும். ஆறு நாள் இருந்தால் முதலில் சின்னார், பிறகு கோவை வழியாக மசினகுடி. காதைப் பழக்கிக்கொண்ட பிறகு வண்டியில் உட்கார்ந்தால், எஞ்சின் நின்ற இடைவெளிகளில்கூட நிறையக் கேட்கும். நீலகிரிக்குச் சொந்தக்காரில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு அங்கே தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில் வேண்டும். சின்னாருக்குக் கார்கூட அவசியமில்லை, உடுமலைப்பேட்டையில் மூணாறு பஸ் ஏறினால் சோதனைச்சாவடியிலேயே இறங்கலாம்.

எங்கே போனாலும் மண்ணிறத்தில், முழங்கையும் கணுக்காலும் மூடும் உடை அணியுங்கள். வறண்ட மாதங்களில் புல்லில் உண்ணி நிறைய இருக்கும், மாலையில் உடலைச் சோதித்துப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதும். பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது இரையை விட்டு, கூட்டை விட்டு ஓடி வருகிறது. மஞ்சள்தொண்டைச் சின்னான் போன்ற அரிய பறவையிடம் இதைச் செய்வதை என்னால் ஏற்கவே முடியாது.

பிப்ரவரி பாதிக்கு மேல் போவதானால் கிளம்புமுன் வனத்துறை அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த பிறகு, கோடையில் காட்டு நடைகளை நிறுத்திவைப்பதில் அதிகாரிகள் கண்டிப்பாக இருக்கிறார்கள். சின்னார் மூடியிருக்கிறது என்று தெரிந்தால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அமராவதிநகரில் தங்கி, காலையில் அணைக்கரையிலும் அதை ஒட்டிய வயலோரங்களிலும் நடந்தால் பனங்காடையும் பஞ்சுருட்டானும் நீர்ப்பறவைகளும் கிடைக்கும். பக்கத்திலேயே முதலைப் பண்ணையும் இருப்பதால் பிள்ளைகளுக்கும் பொழுது போகும்.